சாகே புட்டியில் பார்க்க வேண்டிய எண் எது?

ஜப்பானின் அரிசி மதுவான சாகேயை வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது, அரிசியை எவ்வளவு தீட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணைத்தான். தீட்டிய பின் மணியில் மிஞ்சும் சதவீதம் அது; 60, 50, 39, 23 என்று இறங்க இறங்க விலை ஏறும். விலை ஏற ஏற, மேலான சாகே இதுதான் என்ற நம்பிக்கையும் கூடவே ஏறும். தனியாக ஒரு கிண்ணம் ஊற்றி மெல்லச் சுவைப்பதற்கு அந்த நம்பிக்கை ஓரளவு சரி. சாப்பாட்டோடு குடிப்பதற்கு அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி, மிசோ எனும் புளித்த சோயா விழுது தடவி வாட்டிய கத்தரிக்காய், சோயாவில் நெடுநேரம் வெந்த முள்ளங்கி: இவற்றுக்கு எதிரே, மிக அதிகம் தீட்டிய ஜுன்மாய் தாய்கின்ஜோவைக் குளிர்ச்சியாக வைத்துப் பாருங்கள். இரண்டாவது வாய்க்குள் அதன் பழ மணம் மறைந்துவிடும். மிஞ்சுவது லேசான கசப்பு. அதே தட்டுக்கு, மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் நல்ல ஜுன்மாயை, அதாவது வடித்த ஆல்கஹால் சேர்க்காத சாகேயை, 45 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினால் மீனின் கொழுப்பும் சாகேயின் சாரமும் ஒன்றோடொன்று இழைந்துபோகும்.

தீட்டும் எண் பொய் சொல்லவில்லை. அது சொல்வது வேறு ஒன்றை. நெல்மணியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் கூடுதல், நடுவில் மாவுச்சத்து. யமதா நிஷிகி போன்ற சாகே அரிசிகளில் மணியின் மையத்தில் வெள்ளையாக ஒரு மாவுப் பொட்டு தெரியும்; ஷின்பாகு என்பார்கள். சோற்றுக்கான அரிசியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் தீட்டி எடுப்பார்கள். கின்ஜோ என்று பெயரிட 60 சதவீதமோ அதற்குக் கீழோதான் மணி மிஞ்சியிருக்க வேண்டும். தாய்கின்ஜோவுக்கு 50 அல்லது அதற்குக் கீழ். அரிசியில் கோஜிப் பூஞ்சையை வளர்த்தால் அதன் நொதிகள் மாவைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கும். புரதம் குறைந்தால் அமினோ அமிலம் குறையும், கொழுப்பு குறைந்தால் ஈஸ்ட் பழ மணத்தைத் தாராளமாக வெளியிடும். 10 டிகிரி அளவில், ஒரு மாதத்துக்கும் மேலாக மெதுவாக நொதிக்க விட்டால் வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட்டும், ஆப்பிள் மணம் தரும் எத்தில் கேப்ரோயேட்டும் சேரும். ஆக, அதிகம் தீட்டிய சாகேயில் மணம் கூடும், சாரம் குறையும். சாப்பாட்டோடு கைகோர்ப்பதோ பெரும்பாலும் அந்தச் சாரம்தான்.

பல தயாரிப்பாளர்கள் புட்டியின் பின்பக்கச் சீட்டில் இன்னும் சில எண்களைத் தருகிறார்கள். கட்டாயம் இல்லை என்பதால் எல்லாப் புட்டியிலும் இருக்காது. இருந்தால் அங்கேதான் கண் போக வேண்டும். நிஹோன்ஷுடோ என்பது அடர்த்தியை அளப்பது: தண்ணீரை 0 என்று வைத்து, சர்க்கரை மிகுந்து கனமாக இருந்தால் மைனஸ், லேசாக இருந்தால் பிளஸ். இதை மட்டும் பார்த்து இனிப்பா இனிப்பற்றதா என்று முடிவு செய்தால் தவறிவிடுவோம். பக்கத்திலேயே இருக்கும் புளிப்பு அளவு, அதாவது சன்டோ, சேர்ந்தால்தான் படம் முழுமை. 10 மி.லி. சாகேயில் உள்ள அமிலத்தைச் சமன் செய்ய 0.1 நார்மல் காரக் கரைசல் எத்தனை மி.லி. செலவாகிறது என்பதே அந்த எண். 1.2 என்றால் மென்மை, 1.5 நடுத்தரம், 1.8க்கு மேல் என்றால் புளிப்பு நன்றாகவே தெரியும். நிஹோன்ஷுடோ +3 என்று இரண்டு புட்டியிலும் போட்டிருந்தாலும், 1.1 சன்டோ உள்ளது நாக்கில் இனிக்கும், 1.9 உள்ளது இனிப்பே இல்லாததுபோல் வெட்டிச் செல்லும். மூன்றாவது எண் அமினோ அமில அளவு. 1க்கு அருகில் இருந்தால் சாகே மெலிவாக இருக்கும், 1.5ஐத் தாண்டினால் வாயை நிறைக்கும். உணவுக்குப் புட்டி எடுக்கும்போது சன்டோவும் அமினோ அமில அளவும்தான் தீட்டும் எண்ணைவிடப் பயன்படும் தகவல்.

கிமோதோ, யமஹாய் என்ற சொற்கள் சீட்டில் இருந்தால், ஈஸ்டை வளர்க்கும் தொடக்கக் கூழில் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாமல், பாக்டீரியாவே உண்டாக்கும்வரை காத்திருந்தார்கள் என்று பொருள். கூழை மரத் துடுப்பால் மசிக்கும் பழைய முறை கிமோதோ. அந்த மசிப்பைக் கைவிட்டது யமஹாய், 1909இல் உருவானது. அடுத்த ஆண்டே லாக்டிக் அமிலத்தை நேரடியாகச் சேர்க்கும் விரைவு முறையும் வந்துவிட்டது. இன்றைய சாகேயில் பெரும்பகுதி இந்த விரைவு முறையில் செய்வதுதான். கிமோதோவும் யமஹாயும் புளிப்பிலும் சாரத்திலும் ஒரு படி மேலே நிற்கும். எண்கள் அச்சிடாத புட்டியில் இந்த ஒரு சொல்லே போதிய குறிப்பு.

ஜுன்மாய் என்று போடாத சாகேயில் வடித்த ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். இது கலப்படம் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. எங்கள் பார்வையில் அது நியாயமற்றது. ஹோன்ஜோசோ, கின்ஜோ, தாய்கின்ஜோ வகைகளில் அரிசியின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் அதைச் சேர்க்க விதி அனுமதிக்காது. பிழிவதற்குச் சற்று முன் சேர்க்கும்போது, பிண்ணாக்கோடு போய்விடக்கூடிய மணம் ஆல்கஹாலில் கரைந்து சாகேயிலேயே தங்கும். 1911 முதல் நடந்துவரும் தேசியப் புதுச் சாகே மதிப்பீட்டுக்கு அனுப்பும் தாய்கின்ஜோக்களில் பல இப்படிச் செய்தவையே. சாஷிமி எனும் பச்சை மீன் துண்டுகளோடு ஒரு ஹோன்ஜோசோ ஜுன்மாயைவிட இலகுவாக இறங்குவதும் உண்டு.

இனிச் சுவைக்கும் முறை. ஜப்பானில் தேர்வுக்கு வைக்கும் கிண்ணம் 180 மி.லி. கொள்ளும் வெள்ளைப் பீங்கான். அடியில் நீல நிறத்தில் இரண்டு வளையங்கள் இருக்கும். வெள்ளையில் நிறம் தெரியும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு கூர்மையாகத் தெரிந்தால் சாகே தெளிவு, மங்கினால் கலங்கல். அந்தக் கிண்ணம் இல்லாவிட்டால் சிறிய வைன் கிளாஸ் போதும். மணத்துக்கு அதுவே மேல். லேசான மஞ்சள் நிறத்தைக் குறையாக எண்ண வேண்டாம். சாகேயின் இயல்பான நிறமே அதுதான்; தண்ணீர்போல் வெளுத்திருப்பது கரித்தூளில் வடித்ததால்.

புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 15 முதல் 20 டிகிரிக்கு வர விடுங்கள். பனிக்குளிரில் சுவைத்தால் குறையும் மறையும், நிறையும் மறையும். கிளாஸை அசைக்காமல் ஒரு முறை முகருங்கள், பிறகு மெதுவாகச் சுழற்றி இன்னொரு முறை. வாயில் 5 முதல் 10 மி.லி. மட்டும். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்தால் மணம் மூக்கின் பின்வழியாக ஏறும். கிளாஸில் கிடைக்காத வாசனைகள் அப்போதுதான் வரும். நாக்கு முழுவதும் பரவ விட்டு, இனிப்பு முதலில் வருகிறதா, புளிப்பு எங்கே நிற்கிறது, விழுங்கிய பிறகு கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள். கடைசியில் சுவை எப்படி முடிகிறது என்பதை ஜப்பானியர் கிரே என்கிறார்கள். உணவோடு குடிக்க இது முதன்மையான தகுதி. சட்டென்று முடியும் சாகே அடுத்த கவளத்துக்கு வாயைத் துடைத்து வைக்கும். இழுத்துக்கொண்டே போவது நான்காவது கவளத்தில் சலிக்கும்.

ஒரே அமர்வில் நான்கைந்து வகைக்கு மேல் வைக்காதீர்கள். மெல்லியதிலிருந்து கனமானதற்கு, புதியதிலிருந்து பழையதற்கு என்று போக வேண்டும். மாற்றி வைத்தால், யமஹாய்க்குப் பின் வரும் கின்ஜோ வெறும் வாசனைத் தண்ணீராகிவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையே, குடித்த அளவுக்காவது தண்ணீர் குடியுங்கள். நீர் சேர்க்காத சாகேயில் ஆல்கஹால் 20 சதவீதம்வரை இருக்கலாம். நீர் சேர்த்து 15, 16க்கு இறக்கிய சாதாரணப் புட்டிகள்கூட வைனைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

கெட்டுப்போனதை அடையாளம் காணத் தெரிவது சுவைக்கும் திறனில் பாதி. சூட்டிலும் காலத்திலும் பழுதானால் ஊறிய முள்ளங்கி, வதங்கிய முட்டைக்கோஸ் போன்ற கந்தக நெடி வரும். ஹினேகா என்பது இதுதான், டைமெத்தில் டிரைசல்பைடு என்ற சேர்மத்தின் வேலை. நிறமற்ற புட்டியைக் கடை விளக்கின் கீழ் வாரக்கணக்கில் நிறுத்தினால் கருகிய, மிருக வாடை போன்ற நெடி ஏறும். பழுப்புப் புட்டி, செய்தித்தாள் உறை எல்லாம் ஒளியைத் தடுக்கத்தான். பதப்படுத்தாத நமாசாகே வெளியில் நின்றால் வியர்வையும் பழைய கொட்டைப் பருப்பும் கலந்ததுபோல் மணக்கும். வெண்ணெய் திரிந்த வாடை டயாசெட்டைலால் வருவது. கிமோதோவில் லேசாகத் தயிர் வாசனை இருந்தால் அது குறையல்ல. அந்த வேறுபாடு முதலில் குழப்பும்: இயல்பான தயிர் மணம் வாயில் வைத்ததும் கரைந்துபோகும், கெட்ட மணம் விழுங்கிய பின்பும் தொண்டையில் நிற்கும்.

சாகேயின் தனித்தன்மை, ஒரே புட்டியை 5 டிகிரியிலிருந்து 55 டிகிரிவரை குடிக்க முடிவது. ஜப்பானியர் ஒவ்வொரு ஐந்து டிகிரிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 5 யுகிபியே, 10 ஹனாபியே, 15 சுசுபியே. சூடாக்கும்போது 30 ஹினாத்தாகன், 35 ஹிதோஹதாகன், 40 நுருகன், 45 ஜோகன், 50 அட்சுகன், 55க்கு மேல் தோபிகிரிகன். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சூடு ஏறும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். உடல் சூட்டை நெருங்க நெருங்க இனிப்பும், உமாமி எனும் சாரச் சுவையும் பெருகித் தெரியும். லாக்டிக் அமிலமும் சக்சினிக் அமிலமும் சூட்டில் கூர் மழுங்கி மிருதுவாகும். மாலிக் அமிலம் குளிரில்தான் அழகு. கிமோதோ, யமஹாய், சாரமுள்ள ஜுன்மாய் ஆகியவை சூட்டில் மலர்வதற்கும், பழ மணக் கின்ஜோ சூட்டில் சிதறிப்போவதற்கும் இதுவே காரணம். 50ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், சுவை வறண்டு இறுகும். கொழுப்பு மிகுந்த பண்டங்களுக்கு அந்த இறுக்கமும் சில நேரம் உதவும்.

சூடாக்குவது எளிது, கெடுப்பதும் எளிது. தொக்குரி எனும் பீங்கான் குடுவையில் கழுத்துக்குக் கீழேவரை 180 மி.லி. ஊற்றுங்கள். சூட்டில் விரியும் என்பதால் விளிம்புவரை ஊற்றக் கூடாது. வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடினால் மணம் தப்பாது. குடுவையின் தோள்வரை எட்டும் அளவு தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுக் குடுவையை அந்த நீருக்குள் இறக்குங்கள். அறைச் சூட்டில் இருந்த சாகே இரண்டு மூன்று நிமிடங்களில் 40 முதல் 45 டிகிரியைத் தொடும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே இறக்கினால் ஓரம் வெந்து நடுப்பகுதி குளிர்ந்திருக்கும். குறைந்த தீயில் நெடுநேரம் வைத்தாலோ ஆல்கஹாலும் மணமும் ஆவியாகிச் சாகே சோர்ந்துபோகும். ஒரு சமையல் வெப்பமானி வாங்கிவிடுங்கள். கையால் தொட்டு மதிப்பிடுவதில் ஐந்து டிகிரி தவறுவது சாதாரணம், அந்த ஐந்து டிகிரியில் சுவையே மாறிவிடும். மைக்ரோவேவ் தவிர வழியில்லை என்றால் குறுகிய கழுத்துக் குடுவையைத் தவிருங்கள், மேல்பகுதி கொதித்து அடி பச்சைத் தண்ணீராக இருக்கும். வாய் அகன்ற கோப்பையில் ஊற்றி 500 வாட்டில் 40 வினாடி அளவுக்கு வைத்து, நடுவே ஒரு முறை கிளறுங்கள்.

உணவோடு சேர்ப்பதில் சாகேக்கு இரண்டு இயல்பான பலங்கள் உண்டு. முதலாவது இரும்பு மிகக் குறைவு. இரும்பு சாகேயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் என்பதால் காய்ச்சும் தண்ணீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கறாராகப் பார்ப்பார்கள். சில வைன்களோடு மீன் முட்டையோ சிப்பியோ சாப்பிட்டால் வாயில் ஒரு கவிச்சி கிளம்புமே, அது வைனிலுள்ள இரும்பு மீன் கொழுப்பைத் தாக்கி உண்டாக்கும் வாடை. சாகேயில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. இரண்டாவது, வைனைவிடப் பல மடங்கு அமினோ அமிலம். அதிலுள்ள குளுட்டமேட்டும், மீனிலும் இறைச்சியிலும் உள்ள இனோசினேட்டும் சேர்ந்தால் உமாமி கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். கொம்பு எனும் கடற்பாசியும், கத்சுவோ எனும் சூரை மீனைக் காயவைத்ததும் சேர்ந்த தாஷிச் சாற்றின் அடிப்படையும் இதுவே. கொம்பிலிருந்து குளுட்டமேட்டை இகேதா கிகுனாயே 1908இல் கண்டறிந்தார், கத்சுவோவில் இனோசினேட்டைக் கொதாமா ஷிந்தாரோ 1913இல். மட்டிக்கும் சாகேக்கும் உள்ள நெருக்கம் தனி: இரண்டிலும் சக்சினிக் அமிலம் இருக்கிறது.

ஆனால் எந்தச் சாகேயும் எந்த மீனுக்கும் ஒத்துப்போகும் என்று சொல்வதற்கில்லை. முதலில் தட்டிலுள்ள பண்டத்தின் கனத்தைப் பாருங்கள். வெள்ளைச் சதை மீனை மெல்லியதாக வெட்டி உப்பும் சுதாச்சி எலுமிச்சையும் தொட்டால், அதற்கு 10 டிகிரியில் கின்ஜோ. கின்ஜோ தன் வேலையைச் செய்யும் இடம் இதுதான். வேகவைத்த நண்டும், மலைக்காட்டுத் தளிர்களை மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவும் இதே வரிசை. அதே மீனைச் சோயா சாஸில் தொட்டாலே கணக்கு மாறிவிடும், சோயாவின் வறுத்த மணம் பழ மணத்தை அமுக்கும். அங்கே ஹோன்ஜோசோவோ மெல்லிய ஜுன்மாயோ போதும். குச்சியில் கோத்துச் சுட்ட கோழியான யாகிதோரியில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. உப்பில் சுட்ட கோழிக்கு இனிப்பற்ற, சட்டென்று முடியும் சாகே. தாரே எனும் இனிப்புச் சாஸ் தடவியதற்கு அதை வைத்தால் சாகே மெலிந்து கசக்கும். தட்டில் இனிப்பு ஏறினால் கிண்ணத்திலும் இனிப்போ சாரமோ ஏற வேண்டும். புளிப்புக்கும் இதே நியாயம். வினிகரில் ஊறிய வெள்ளரிக்கும் கணவாய்க்கும் முன்னால் சன்டோ 1.2 சாகே தட்டையாகிவிடும், யமஹாய் தாங்கி நிற்கும்.

ஊர்களே இதைச் சொல்லித் தந்துவிடுகின்றன. ஜப்பானின் கோச்சியில் வைக்கோல் தீயில் கத்சுவோவின் வெளிப்புறத்தை மட்டும் வாட்டி, தடித்த துண்டுகளாக்கிப் பச்சைப் பூண்டோடு தருவார்கள். அந்த ஊர்ச் சாகே இனிப்பற்று, கூர்மையாக இருக்கும். பூண்டையும் புகையையும் கழுவிவிட அதனால்தான் முடிகிறது. மென்னீர் ஊரான ஹிரோஷிமாவின் மிருதுவான சாகே அங்குள்ள சிப்பியின் இனிப்போடு போகிறது. இஷிகாவாவின் யமஹாய்க்குக் குளிர்காலத்தில் கொழுத்துவரும் புரி மீன். கோபேக்கு அருகே நாதாவில் 1840இல் கண்டறிந்த மியாமிசு நீரில் தாதுக்கள் மிகுதி, அதனால் ஈஸ்ட் வீரியமாக வேலை செய்து உறுதியான சாகே கிடைக்கிறது. வசந்தத்தில் ஒரு முறை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தி, கோடை முழுவதும் தொட்டியில் வைத்து இலையுதிர் காலத்தில் வெளிவிடும் ஹியாஓரோஷியை, அந்தப் பருவத்துச் சன்மா மீனோடும் காளானோடும் தவறவிடக் கூடாது. மூன்றாண்டுக்கு மேல் பழுத்த கோஷுவுக்கு வேறு மேசை வேண்டும்: சோயா சாஸ் தடவிச் சுட்ட விலாங்கான கபாயாகி, மிசோவில் ஊறிய பாலாடைக்கட்டி. மீன் சாஷிமியோடு அதை வைக்கவே வேண்டாம்.

மிளகாய்க் காரத்துக்கு உயர் ஆல்கஹால் ஆகாது, எரிச்சல் கூடும். கலங்கலான இனிப்பு நிகோரியை நன்றாகக் குளிர வைத்துத் தரலாம். வசாபியின் காரம் நாக்கில் தங்காமல் மூக்கேறிப் போய்விடுவதால் அதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

பழகுவதற்குச் செலவில்லாத ஒரு வழி: சன்டோ 1.6 அளவிலுள்ள ஜுன்மாய் 720 மி.லி. புட்டி ஒன்று. அதை 10, 20, 45 டிகிரி என்று மூன்று கிண்ணங்களில் ஊற்றுங்கள். குளிர்ந்த தோஃபுவில் துருவிய இஞ்சி, உப்பிட்டுச் சுட்ட மீன், ஓதென் குழம்பில் வெந்த முள்ளங்கி ஆகிய மூன்றையும் மூன்று கிண்ணங்களோடும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். முதலில் ஒரு கவளம், அது வாயில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போதே ஒரு மிடறு. ஒன்பது சேர்க்கைகளில் எங்கே மீனின் வாடை அடங்குகிறது, எங்கே முள்ளங்கியின் இனிப்பு கூடுகிறது, எங்கே சாகே காணாமல் போகிறது என்று எழுதி வையுங்கள். விலையுயர்ந்த ஒன்பது புட்டிகளைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

திறந்த புட்டியை நிறுத்தியே வைக்க வேண்டும், படுக்க வைத்தால் காற்றுப்படும் பரப்பு கூடும். நமாசாகேயும் கின்ஜோவும் குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்குள் முடிவது நல்லது. யமஹாய் சில நாள் கழித்து இன்னும் இளகி வருவதும் உண்டு. வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் புட்டியில் அடைத்த மாதம், 2023 முதல் அச்சிடுவது கட்டாயமில்லை என்பதால் இல்லாமலும் இருக்கலாம். அப்போது குளிர்ச்சியிலும் இருட்டிலும் வைத்திருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

மணம் இறங்கிப்போன மிச்சச் சாகேயைக் கொட்ட வேண்டாம். 300 கிராம் மட்டியை 3 சதவீத உப்பு நீரில், இருட்டில், இரண்டு மூன்று மணி நேரம் மணல் கக்க விடுங்கள். ஓடுகளை ஒன்றோடொன்று உரசிக் கழுவி வாணலியில் போட்டு, 100 மி.லி. சாகே ஊற்றி மூடி, தீயைக் கூட்டுங்கள். ஓடுகள் திறந்த கணமே இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் சதை சுருங்கி ரப்பராகும். திறக்காத மட்டியை எடுத்து எறிந்துவிடுங்கள். மட்டியிலேயே உப்பு இருப்பதால் முதலில் சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சோயா, அதுவும் சில சொட்டு. மேலே பொடியாக அரிந்த வெங்காயத்தாள். இதற்கு நுருகன் சூட்டில் எந்த ஜுன்மாயும் போதும்.